பனி நிலவுகளின் உள்வெப்பம்: என்செலடஸ் முன்வைக்கும் கணக்கு

சனிக் கோளின் நிலவான என்செலடஸின் குறுக்களவு 504 கிலோமீட்டர்தான். தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியை அதன் வெண்பனி மேற்பரப்பு திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் அங்கே சராசரி வெப்பநிலை சுமார் 75 கெல்வின்; பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 198 டிகிரி செல்சியஸ். உருவம் சிறுத்த பொருள் விரைவில் ஆறிவிடும். வெப்பத்தைத் தேக்கிவைக்கும் கனஅளவு ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பவும், அதை வெளியே விடும் பரப்பு இருமடிக்கு ஏற்பவும் மாறுவதே காரணம். சூரியக் குடும்பம் பிறந்து 456 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை சிறிய நிலவு எப்போதோ நடுவரை உறைந்து இறுகியிருக்க வேண்டும். ஆனால் அதன் தென்துருவ வெடிப்புகளிலிருந்து நொடிக்கு 200 முதல் 300 கிலோகிராம் வரை நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிட்டுக்கொண்டிருக்கின்றன. பனி ஓட்டுக்கு அடியில், நிலவு முழுவதையும் சூழ்ந்து உப்புநீர்க் கடல் ஒன்று கிடக்கிறது.

அந்தக் கடலை உறையவிடாமல் வைத்திருக்கும் வெப்பம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி என்செலடஸோடு நிற்பதில்லை. வியாழனின் யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ, சனியின் டைட்டன், மைமாஸ், நெப்டியூனின் டிரைட்டன் என்று வரிசையாகப் பல நிலவுகளுக்கு இதே கேள்வி எழுகிறது. நிலவு திரண்டு உருவானபோது கிடைத்த வெப்பம், பாறையில் கலந்திருக்கும் கதிரியக்கத் தனிமங்கள், பாறையும் நீரும் கலந்து நிகழும் வேதிவினை, தாய்க்கோளின் ஈர்ப்பு உண்டாக்கும் ஓதம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நான்கும் உண்மையான காரணங்களே. ஒவ்வொன்றும் எவ்வளவு தரும், எத்தனை காலத்துக்குத் தரும் என்பதில்தான் வேறுபாடு. எனவே இதை வரவு செலவுக் கணக்காகப் பார்ப்பதே தெளிவு தரும். அப்படிப் பார்க்க என்செலடஸைவிடப் பொருத்தமான நிலவு வேறில்லை. அதன் செலவுப் பக்கம் நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது.

அளந்து கண்ட செலவு

1981 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களிலேயே என்செலடஸின் பரந்த பகுதிகளில் பள்ளங்கள் குறைவாக இருப்பது தெரிந்தது. விண்கற்கள் விழுந்த தழும்புகளை ஏதோ ஒன்று அழித்திருக்கிறது என்பது அதன் பொருள். விடை காசினி விண்கலத்தின் மூலம் வந்தது. 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காசினி அருகே கடந்தபோது, சனியின் காந்தப்புலம் அந்த நிலவைச் சுற்றி வளைந்து விலகுவதை அதன் காந்தமானி பதிவு செய்தது. வளிமண்டலம் உள்ள ஒரு பொருளைச் சுற்றித்தான் காந்தப்புலம் அப்படி விலகும். காந்தமானிக் குழுவின் வேண்டுகோளின்படி அடுத்த சந்திப்பின் உயரம் குறைக்கப்பட்டது. ஜூலை 14 அன்று காசினி வெறும் 173 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. அகச்சிவப்புக் கருவியில், சூரிய ஒளி சாய்வாகவே விழும் தென்துருவம் நிலவின் மற்ற பகுதிகளைவிடச் சூடாகத் தெரிந்தது. துருவத்தைத் தவிர வேறெங்கே வேண்டுமானாலும் எதிர்பார்த்திருக்கக்கூடிய வெப்பம் அது.

சூட்டின் இருப்பிடம் நான்கு இணையான பிளவுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர். அலெக்சாண்டிரியா, கெய்ரோ, பாக்தாத், டமாஸ்கஸ் என்று அவற்றுக்குப் பெயர். 'புலிக்கோடுகள்' என்பது பொதுப்பெயர். சுற்றிலும் 70, 75 கெல்வின் இருக்கையில் இந்தப் பிளவுகளின் ஓரங்கள் 180 கெல்வினையும் தாண்டுகின்றன. தென்துருவப் பகுதியிலிருந்து வெளியேறும் வெப்பம் சுமார் 15.8 கிகாவாட் என்று 2011-இல் கணக்கிடப்பட்டது. ஒரு கிகாவாட் என்பது 100 கோடி வாட்.

பிளவுகள் வழியே போவது செலவின் ஒரு பகுதிதான். 0 டிகிரியில் கடல், அதற்கு மேலே 20 முதல் 25 கிலோமீட்டர் பனி, அதற்கு வெளியே 75 கெல்வின் குளிர் என்றால், பனி ஓடு முழுவதும் வெப்பத்தைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டே தீரும். ஓட்டின் தடிமனும் பனியின் வெப்பக்கடத்தலும் தெரிந்தால் இந்தக் கசிவு 35 கிகாவாட்டுக்கு அருகில் வரும். காசினி 2005-இன் துருவக் குளிர்காலத்திலும் 2015-இன் கோடையிலும் வடதுருவத்தில் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. எந்தப் பீறிடலும் இல்லாத அந்தத் துருவமும் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 7 கெல்வின் சூடாக இருந்தது. சதுர மீட்டருக்கு 46 மில்லிவாட் அங்கே கசிகிறது. பிளவுகளின் செலவையும் ஓட்டின் கசிவையும் சேர்த்து அந்த ஆய்வு மதிப்பிட்ட மொத்தச் செலவு 54 கிகாவாட் அளவுக்கு வருகிறது.

இந்தச் செலவுக்கு ஈடாக உள்ளே எதுவும் ஊறாமல் இருந்தால் கடல் சில கோடி ஆண்டுகளுக்குள் உறைந்துவிடும். கடல் இன்று இருப்பதே, உள்ளே வெப்பம் உண்டாகிக்கொண்டிருக்கிறது அல்லது அண்மைக் காலம் வரை உண்டானது என்பதற்குச் சான்று.

கைகொடுக்காத வரவுகள்

முதலில் பிறப்பின் வெப்பம். சிறு துண்டுகள் ஈர்ப்பால் ஒன்றின்மேல் ஒன்று மோதித் திரளும்போது அவற்றின் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. இந்த வெப்பம் நிலவின் நிறையையும் ஆரத்தையும் பொறுத்தது. என்செலடஸுக்கு ஒவ்வொரு கிலோகிராமுக்கும் அது ஏறத்தாழ 17,000 ஜூல். இதில் ஒரு துளியும் வெளியே போகாமல் தங்கியிருந்தால்கூட நிலவின் வெப்பநிலை 20 கெல்வின் அளவுக்கே கூடியிருக்கும். பனி உருக 200 கெல்வின் ஏற வேண்டும். புதன் கோளைவிடப் பெரிய கானிமீடின் கதை வேறு. அங்கே கிலோகிராமுக்கு 20 லட்சம் ஜூலுக்கு மேல். ஒரு கிலோகிராம் பனியை உருக்க 3,34,000 ஜூல் போதும் என்பதால், பெரிய நிலவுகளில் பிறப்பின் வெப்பமே பாறையையும் பனியையும் பிரிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படிப் பிரியும்போது கனமான பாறை மையத்தை நோக்கி இறங்குவதும் மேலும் வெப்பம் தரும். கலிஸ்டோவில் இந்தப் பிரிவு முழுமையடையவில்லை என்று கலிலியோ விண்கலத்தின் ஈர்ப்பு அளவீடுகள் காட்டின. ஒரே கோளின் இரு பெரிய நிலவுகள் இப்படி வேறுபட்டிருப்பதற்கு, கலிஸ்டோ மெதுவாகத் திரண்டு வெப்பத்தை அவ்வப்போதே இழந்தது என்பது ஒரு விளக்கம்.

கதிரியக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சூரியக் குடும்பத்தின் பச்சிளம் பருவத்தில் மட்டும் இருந்த, அரை ஆயுள் குறைந்த ஐசோடோப்புகள். அவற்றில் முதன்மையானது அலுமினியம்-26. அதன் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லில், அது சிதைந்து உருவாகும் மெக்னீசியம்-26 இயல்புக்கு மிஞ்சி இருந்தது 1976-இல் நிறுவப்பட்டபோதுதான், ஒரு காலத்தில் அது உயிர்ப்போடு இருந்தது உறுதியானது. 70 லட்சம் ஆண்டுகள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே ஒரு நிலவு எப்போது திரண்டது என்பதில் சில லட்சம் ஆண்டு வேறுபாடு அதன் தலைவிதியையே மாற்றிவிடும்.

இதற்கு இயாபிட்டஸ் நல்ல எடுத்துக்காட்டு. சனியின் இந்த நிலவு இன்று 79 நாளுக்கு ஒருமுறைதான் தன்னைத்தானே சுற்றுகிறது. ஆனால் அதன் தட்டையான வடிவம், 16 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் பொருளுக்கு உரியது. வேகமாகச் சுழன்ற காலத்து வடிவம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அந்த வடிவத்தை ஏற்கும் அளவுக்குத் தொடக்கத்தில் அது இளகியிருக்க வேண்டும். அதைக் காப்பாற்றும் அளவுக்கு விரைவில் இறுகியிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யக்கூடியது, சிறிது காலம் எரிந்து தீர்ந்துபோகும் அலுமினியம்-26 போன்ற வெப்பமூலம். இயாபிட்டஸின் வடிவத்தை வைத்து அது பிறந்த காலத்தையே கணிக்க முயன்ற 2007-ஆம் ஆண்டு ஆய்வு, பனி நிலவுகளின் ஆராய்ச்சியில் தனி இடம் பெறத்தக்கது.

இன்றைய என்செலடஸுக்கு அலுமினியம்-26 உதவாது. அது என்றோ தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 என்ற நெடுங்கால ஐசோடோப்புகள். பெரிய நிலவுகளுக்கு இவை இன்றும் பெரும் பலம். கலிஸ்டோவுக்குள் கடல் இருப்பதைக் காந்தப்புலத் தூண்டல் காட்டுகிறது. அந்தக் கடலைக் காக்க ஓதம் ஏறக்குறைய எதுவும் தருவதில்லை. பாறையின் கதிரியக்கமும், நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் கரைபொருள்களும், தடித்த பனி ஓடும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. என்செலடஸில் பாறை குறைவு. அங்கே கதிரியக்கம் தருவது 0.3 கிகாவாட். செலவோ 50 கிகாவாட்டுக்கு மேல்.

வேதிவினைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. அதற்கான சான்று கண்ணெதிரே இருக்கிறது. ஆலிவின் போன்ற கனிமங்கள் நீரை ஏற்றுச் செர்பென்டைனாக மாறும்போது வெப்பமும் ஹைட்ரஜனும் வெளிவருகின்றன. என்செலடஸின் பீறிடலில் மூலக்கூறு ஹைட்ரஜன் இருப்பதைக் காசினி கண்டது 2017-இல் அறிவிக்கப்பட்டது. எனவே வினை இன்றும் நடக்கிறது என்று கருத இடமுண்டு. ஆனால் ஒரு கிலோகிராம் பாறை இப்படித் தருவது ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜூல். நிலவின் கருவம் முழுவதும் புதுப்பாறையாக இருந்து முழுவதும் வினைபுரிந்தாலும், இன்றைய செலவுக்கு அது ஒரு கோடி ஆண்டு அளவுக்கே தாங்கும். கருவத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம் என்ற தாழ்ந்த அளவில் இருப்பதும் அது ஏற்கெனவே நீரை ஏற்றுவிட்டதையே சுட்டுகிறது. வேதிவினை வெப்பத்தின் துணைவன், முதலாளி அல்ல.

அம்மோனியா, உப்பு போன்ற கரைபொருள்கள் வரவே அல்ல. அவை செலவைக் குறைப்பவை. அம்மோனியா தாராளமாகக் கலந்த நீர் 176 கெல்வின் வரை உறையாமல் நிற்கும். காசினி 2009-இல் என்செலடஸில் அம்மோனியாவைக் கண்டது, அளவு சிறிது. வியாழனின் சுழலும் காந்தப்புலம் யூரோப்பாவின் உப்புக் கடலில் தூண்டும் மின்னோட்டமும் வெப்பம் தரும் என்பது உண்மையே. அதன் பங்கு சொற்பம்.

ஓதம்

எஞ்சுவது ஓதம். இந்தக் கருத்தின் வெற்றி அறிவியல் வரலாற்றில் அரிதாக நிகழும் வகையைச் சேர்ந்தது. ஸ்டான்டன் பீல், பாட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவரும் வியாழனின் அயோ நிலவு ஓத வெப்பத்தால் உள்ளே உருகியிருக்க வேண்டும் என்று எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2 அன்று வெளியானது. மூன்று நாள் கழித்து வாயேஜர் 1 அயோவைக் கடந்தது. மார்ச் 8 அன்று எடுத்த படத்தில் நிலவின் விளிம்புக்கு மேலே குடை போல எழுந்த எரிமலைப் புகையை லிண்டா மொராபிட்டோ கண்டார். அயோ இன்று வெளியேற்றும் வெப்பம் 100 டெராவாட் அளவு. தன்னைவிட மிகப் பெரிய பூமி வெளியேற்றுவதைப் போல இரு மடங்கு.

ஓதம் வேலை செய்ய நிலவின் சுற்றுப்பாதை சரியான வட்டமாக இருக்கக் கூடாது. என்செலடஸ் சனியிலிருந்து 2,38,000 கிலோமீட்டர் தொலைவில், 33 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றுகிறது. பாதையின் மையப்பிறழ்ச்சி 0.0047. தாளில் வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். என்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் நிலவு சனியை 1,100 கிலோமீட்டர் நெருங்கி, அதே அளவு விலகுகிறது. நெருங்குகையில் ஈர்ப்பு அதைக் கூடுதலாக நீட்டுகிறது, விலகுகையில் தளர்த்துகிறது. புடைப்பு சனியை நோக்கி நிற்கும் திசையும் சற்று ஊசலாடுகிறது. இப்படி நிலவு முழுவதும் 33 மணிக்கு ஒருமுறை பிசையப்படுகிறது. பீறிடலே இதற்குச் சாட்சி. நிலவு சனியிலிருந்து மிக விலகியிருக்கும்போது, பிளவுகள் இழுபட்டுத் திறப்பதால், அது பல மடங்கு பிரகாசமாகிறது என்று 2013-இல் வெளியான அளவீடுகள் காட்டின.

பிசைவதெல்லாம் வெப்பமாகிவிடாது. வெல்லப்பாகு நீர்க்க இருக்கும்போது கரண்டி தடையின்றிச் சுழலும். கட்டியாக இறுகிவிட்டால் கரண்டி அசையவே அசையாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தில்தான் கிண்டுபவரின் உழைப்பு முழுவதும் பாகுக்குள் போகும். பனிக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. கடுங்குளிரில் பனி எஃகைப் போல விறைத்து, வளைந்து, அப்படியே மீண்டுவிடும், வெப்பம் மிகாது. உருகுநிலையை நெருங்கிய பனியின் பாகுத்தன்மை 10-இன் 14-ஆம் அடுக்கு பாஸ்கல் நொடி என்ற அளவை ஒட்டியது. அதன் விறைப்புத்தன்மையால் இதை வகுத்தால் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரையிலான ஒரு கால அளவு கிடைக்கும். பனி மீள்வதை விட்டு ஓடத் தொடங்கும் நேரம் அது. நிலவின் சுற்றுக்காலமும் அதே அளவுதான். இரண்டும் பொருந்தும்போது ஓதத்தின் ஆற்றல் மிகுதியாக வெப்பமாகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. சூடான நிலவு ஓதத்தால் மேலும் சூடாகும். குளிர்ந்த நிலவு ஓதத்துக்கு வளைந்துகொடுக்காமல் குளிர்ந்தே கிடக்கும். ஓதம் தானே அடுப்பைப் பற்றவைக்காது. வேறு ஏதாவது ஒன்று முதல் சூட்டைத் தந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வளர்க்கும். அலுமினியம்-26 போன்ற பழைய வரவுகள் இந்த இடத்தில்தான் மீண்டும் கணக்குக்குள் வருகின்றன. அவை இன்றைய வெப்பத்தைத் தரவில்லை என்றாலும், இன்றைய வெப்பம் தொடங்கக் காரணமாக இருந்திருக்கலாம்.

எங்கே சூடாகிறது

நிலவின் எந்த அடுக்கில் ஓதம் வெப்பமாகிறது என்பது அடுத்த சிக்கல். முதலில் பனி ஓட்டைத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் என்செலடஸின் ஓடு மெல்லியது. அதன் பெரும்பகுதி கடுங்குளிரில் விறைத்திருப்பது. அடிப்பகுதியில் மட்டுமே பதமான பனி இருக்கும். ஓட்டில் மட்டும் 50 கிகாவாட்டைப் பெறுவது கடினம். கடல்நீரின் உராய்வும் போதாது. நிலவின் அச்சுச் சாய்வு மிகச் சிறிதாக இருப்பதால் கடலில் பெரிய நீரோட்டங்கள் எழுவதில்லை.

கவனம் கருவத்தின் பக்கம் திரும்பியது. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்தக் கருவம் கெட்டிப்பாறை அல்ல. துளைகள் நிறைந்து, நீர் ஊடுருவி, சரளைக் குவியலைப் போலத் தளர்ந்தது என்று கொண்டால், ஓதம் அதைப் பிசையும்போது துண்டுகள் ஒன்றோடொன்று உரசி 10 முதல் 30 கிகாவாட் வரை தர முடியும் என்று 2017-இல் காயெல் ஷோப்லே தலைமையிலான குழு காட்டியது. குளிர்ந்த கடல்நீர் கருவத்துக்குள் இறங்கி, சூடேறி, குறுகிய பாதைகளில் 90 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீராகக் கடலடியில் வெளிவரும். இந்த எண் தற்செயலானதல்ல. சனியின் E வளையத்தில் காசினி பிடித்த நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உருவாக, பாறையும் நீரும் குறைந்தது 90 டிகிரியில் சந்தித்திருக்க வேண்டும் என்று அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வேறொரு குழு கணித்திருந்தது. தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததே கருவ வெப்பத்துக்கான மிக வலுவான வாதம்.

பிளவுகளுக்கும் தனிப் பங்கு உண்டு. கடலிலிருந்து மேலே வரை நீர் நிறைந்து நிற்கும் பிளவுகளை ஓதம் திறந்து மூடும்போது நீர் ஏறி இறங்குகிறது. அந்த அலைவின் உராய்வே பிளவை உறையவிடாமல் காத்து, சில கிகாவாட் வெப்பத்தையும் தரும் என்று எட்வின் கைட், ஆலன் ரூபின் இருவரும் 2016-இல் கணக்கிட்டனர். தென்துருவத்தில் மட்டும் ஏன் பிளவுகள்? ஓத வெப்பம் இரு துருவங்களிலும் ஒன்றுபோல மிகுந்து அங்கெல்லாம் ஓட்டை மெலியச் செய்கிறது. எது முதலில் வெடித்ததோ அங்கே உள்ளழுத்தம் தணிந்துவிட்டதால் மற்றது தப்பியது என்பதே இன்று எளிமையாகத் தோன்றும் விடை. அப்படியானால் தெற்கு என்பது தற்செயல்.

யார் கணக்கில்

ஓத வெப்பத்தின் ஆற்றல் நிலவின் சுற்றுப்பாதையிலிருந்து எடுக்கப்படுகிறது. எடுக்க எடுக்க மையப்பிறழ்ச்சி குறைந்து பாதை வட்டமாகும். வட்டமானால் வெப்பம் நின்றுவிடும். அதைத் தடுப்பது டயோனி. டயோனி சனியை ஒருமுறை சுற்றும் நேரத்தில் என்செலடஸ் இரண்டு முறை சுற்றுகிறது. இந்த ஒத்திசைவால் இரண்டும் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் சந்திக்க, டயோனியின் ஈர்ப்பு என்செலடஸின் பாதையை வட்டமாக விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அயோ, யூரோப்பா, கானிமீடு மூன்றும் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற கணக்கில் பிணைந்திருப்பதும் இதே வேலையைச் செய்கிறது.

ஆயினும் டயோனியும் வெறும் தரகர்தான். மூலதனம் சனியின் சுழற்சி. நிலவுகள் சனிமேல் எழுப்பும் புடைப்பை, பத்தரை மணிக்கு ஒருமுறை சுழலும் சனி தன்னோடு முன்னே இழுத்துச் செல்கிறது. அந்தப் புடைப்பு நிலவுகளை முன்னோக்கி இழுத்து அவற்றின் பாதையை விரிக்கிறது. பூமியின் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச்செல்வதும் இதனால்தான். சனி எவ்வளவு தாராளமாகத் தன் சுழற்சியாற்றலைக் கொடுக்கிறது என்பதே என்செலடஸ் நெடுங்காலம் பெறக்கூடிய வெப்பத்தின் உச்சவரம்பு.

இந்த இடத்தில்தான் பல ஆண்டுகள் கணக்கு இடித்தது. சனி தாராளமாகக் கொடுத்திருந்தால் அதன் நிலவுகள் இந்நேரம் வெகுதூரம் விலகியிருக்க வேண்டும். அவை 450 கோடி ஆண்டுகளாக விலகிக்கொண்டிருந்தும் மைமாஸ் இன்னும் இத்தனை அருகில் இருப்பதால், சனி கஞ்சத்தனமாகவே கொடுக்கிறது என்று கருதப்பட்டது. அந்தக் கருத்தின்படி ஜெனிஃபர் மேயர், ஜாக் விஸ்டம் இருவரும் 2007-இல் கண்ட உச்சவரம்பு 1.1 கிகாவாட். அளந்த செலவு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். வெப்பம் நின்று நிதானமாக வராமல் அவ்வப்போது பொங்கி அடங்குகிறது, காசினி பொங்கும் வேளையில் போய்ச் சேர்ந்தது என்றெல்லாம் சமாதானம் தேட வேண்டியிருந்தது.

வாலெரி லெனேயின் குழு வேறு வழியில் சென்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சனியின் நிலவுகள் வானில் இருந்த இடங்களைப் பற்றிய பதிவுகளைத் திரட்டி, அவை உண்மையில் எவ்வளவு விரைவாக விலகுகின்றன என்று அளந்தது. 2012-இல் வெளியான விடை, நினைத்ததைவிடப் பத்து மடங்கு விரைவு. 2020-இல் டைட்டன் ஆண்டுக்கு 11 சென்டிமீட்டர் விலகுவது தெரியவந்தது. பழைய எதிர்பார்ப்பைப் போல இது நூறு மடங்கு. ஜிம் ஃபுல்லர் முதலியோர் 2016-இல் முன்வைத்த கோட்பாடு இதை விளக்குகிறது. சனியின் உள்ளமைப்பு மெல்ல மாற மாற அதன் இயல்பான அதிர்வுகளின் காலமும் மாறுகிறது. ஒரு நிலவு அந்த அதிர்வோடு பூட்டிக்கொண்டால் அதனுடனேயே வெளியே நகரும். அப்போது இன்று காணும் வேகம் என்றும் இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. நிலவுகள் பழையனவாகவும் இருக்கலாம். வேகம் என்றும் இதுவே என்று கொள்பவர்களுக்கு, சனியின் உள்நிலவுகள் சில கோடி அல்லது பத்துக் கோடி ஆண்டுக்குள் பிறந்தவை என்ற முடிவு வருகிறது. எந்த வழியில் போனாலும் 50 கிகாவாட் இப்போது எட்டாத எண் அல்ல.

மைமாஸ் எழுப்பும் தடை

ஓத விளக்கத்துக்கு நேர்ந்த கடுமையான சோதனை மைமாஸ். ஓத வெப்பம் நிலவின் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கையும், சுற்றும் வேகத்தின் ஐந்தாம் அடுக்கையும், மையப்பிறழ்ச்சியின் இருமடியையும் சார்ந்தது. மைமாஸ் 396 கிலோமீட்டர் குறுக்களவே கொண்டது, ஆனால் சனிக்கு இன்னும் அருகில் இருக்கிறது, மையப்பிறழ்ச்சி 0.0196. உட்பொருள் ஒன்றுபோல இருந்தால் மைமாஸ் என்செலடஸைப் போல 30 மடங்கு வெப்பம் பெற வேண்டும். மேற்பரப்போ பழைய பள்ளங்களால் நிறைந்து, எந்த அசைவும் இன்றிக் கிடக்கிறது. அதன் முகத்தில் உள்ள ஹெர்ஷல் பள்ளம் மட்டுமே 130 கிலோமீட்டர் அகலம்.

பழைய விடை, மைமாஸ் என்றும் குளிர்ந்தே இருந்ததால் ஓதத்துக்கு இளகவே இல்லை என்பது. இத்தனை மையப்பிறழ்ச்சி மிஞ்சியிருப்பதே, அது செலவாகவில்லை என்பதற்கான சான்றாகக் காட்டப்பட்டது. 2014-இல் அந்த விடையில் விரிசல் விழுந்தது. சுழற்சியின்போது மைமாஸ் இருபுறமும் ஆடும் அசைவாட்டம் எதிர்பார்த்ததைப் போல இரு மடங்கு இருப்பதாகக் காசினி படங்கள் காட்டின. கருவம் நீண்டு ஒடுங்கியிருக்க வேண்டும், இல்லையேல் உள்ளே கடல் இருக்க வேண்டும். 2024-இல் லெனேயின் குழு, பாதையின் அண்மைப்புள்ளி இடம்மாறும் விதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 20 முதல் 30 கிலோமீட்டர் பனிக்கு அடியில் கடல் உண்டு என்றும், அதன் வயது இரண்டரைக் கோடி ஆண்டுக்குள்தான் என்றும் முடிவு கண்டது. அதன்படி மைமாஸின் மையப்பிறழ்ச்சி அண்மையில் ஏதோ காரணத்தால் உயர்ந்து, இப்போது வெப்பமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. உள்ளே உருகியது மேற்பரப்பில் தெரிய இன்னும் காலம் போதவில்லை. அசைவற்ற முகத்தை வைத்து உள்ளே குளிர்ந்து கிடக்கிறது என்று தீர்மானிக்க முடியாது என்பதை மைமாஸ் அளவுக்கு வேறெந்த நிலவும் உணர்த்தவில்லை.

மற்ற நிலவுகளில்

யூரோப்பாவில் கதிரியக்கமும் ஓதமும் இரண்டுமே பெரிய பங்கு வகிக்கின்றன. அதன் பாறைப்பகுதி பெரியது. கடலால் கருவத்திலிருந்து பிரிந்து மிதக்கும் ஓடு ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 30 மீட்டர் எழுந்து தாழக்கூடும். கானிமீடின் மையப்பிறழ்ச்சி இன்று 0.0013 மட்டுமே; ஓதம் சொற்பம். ஆனால் அதன் இரும்புக் கருவம் இன்றும் காந்தப்புலத்தை உண்டாக்குவதும், மேற்பரப்பில் பழைய பிளவுப் பட்டைகள் படர்ந்திருப்பதும், முற்காலத்தில் வேறொரு ஒத்திசைவுக்குள் சென்று சூடேறியதைக் குறிக்கலாம். யுரேனஸின் மிராண்டா அளவில் என்செலடஸை ஒத்தது. அதன் குழம்பிய நிலப்பரப்பு, அம்ப்ரியலோடு ஒரு காலத்தில் ஒன்றுக்கு மூன்று என்ற ஒத்திசைவில் இருந்து பின்னர் அதிலிருந்து விடுபட்ட கதையைச் சொல்வதாகக் கருதப்படுகிறது.

டிரைட்டன் தனி வகை. நெப்டியூனின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றும் அது அங்கே பிறந்ததல்ல, பிடிபட்டது. பிடிபட்டபோது நீண்டிருந்த பாதை வட்டமாகச் சுருங்கிய காலத்தில் நிலவு முழுவதையும் உருக்கும் அளவுக்கு வெப்பம் வெளிப்பட்டிருக்கும். இன்று பாதை ஏறக்குறைய முழு வட்டம் என்பதால் மையப்பிறழ்ச்சி வழி ஓதம் இல்லை. பாதை சாய்ந்திருப்பதால் அச்சும் சாய்ந்து, கடல் இருந்தால் அதில் எழும் ஓதம் உராய்ந்து வெப்பம் தருகிறது என்று ஃபிரான்சிஸ் நிம்மோ, ஜான் ஸ்பென்சர் இருவரும் 2015-இல் கருத்துரைத்தனர். என்செலடஸுக்குப் பயன்படாத கடல் ஓதம் டிரைட்டனில் முதன்மை பெறுகிறது.

அடுத்து வரும் அளவீடுகள் வியாழனிலிருந்து கிடைக்கும். 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் அங்கே சேர்ந்து, ஏறத்தாழ 50 முறை யூரோப்பாவைக் கடந்தபடி அதன் வெப்பக் கருவியால் சூடான இடங்களைத் தேடும். 2023-இல் புறப்பட்ட ஐரோப்பிய ஜூஸ் விண்கலம் 2034-இல் கானிமீடின் சுற்றுப்பாதையில் இறங்கி, லேசர் உயரமானியால் அதன் புடைப்பு எழுந்து தாழ்வதை அளக்கும். புடைப்பின் உயரம் ஓட்டின் தடிமனைச் சொல்லும். அது ஈர்ப்புக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்பதையும் பிரித்து அளக்க முடிந்தால், உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு ஆற்றல் வெப்பமாகிறது என்பது ஊகத்துக்கு இடமில்லாமல் நேரடியாகவே கிடைக்கும்.